சிவப்புப் புள்ளியால் பேசியவள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது மூளையின் அடித்தண்டில் இரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். பேச்சு போய்விட்டது. கையும் காலும் போய்விட்டன. கண்ணும் காதும் நினைவும் மட்டும் பழையபடியே இருந்தன. வலக்கை மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்புவாள், பூட்டில் சாவியைக் கால்வாசி திருப்புகிற அளவுக்கு. "ஓம்" என்றால் ஒருமுறை கண்ணை மூடுவாள். "இல்லை" என்றால் இரண்டு முறை. வீட்டில் எங்கள் பேச்சு அவ்வளவுதான் என்று ஆகிப்போனது.

தலைமன்னார் ரயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக்கொப்பி, போன் காட், பற்றரி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். சாவிக்கோர்வையில் தொங்கும் லேசர் லைற்றுகளும் விற்பேன். ஒருநாள் அதில் ஒன்றை ஒருவருக்கு அடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். என் விரல் அசைந்ததே தெரியவில்லை, புள்ளி மட்டும் எதிர்ச்சுவரில் ஒரு முழம் ஓடியது. அன்று நேரத்தோடு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

க் முதல் ன் வரை இடப்பக்கம், அ முதல் ஔ வரை வலப்பக்கம், பெரிதாக எழுதி ஒரு அட்டை செய்தேன். முதலில் மெய், பிறகு உயிர் என்று காட்டினால் எந்த எழுத்தும் வந்துவிடும். லேசரை அவளுடைய இரண்டு விரல்களில் தலைமயிர் கட்டுகிற றப்பரால் கட்டிவிட்டேன். எல்லாம் சரி என்று நினைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

அட்டையைக் கட்டிலுக்குக் கிட்ட வைத்தால் புள்ளி பக்கத்து எழுத்துக்குக்கூட எட்டவில்லை. கால்மாட்டுச் சுவரில் மாட்டினால் எட்டியது, ஆனால் நடுங்கியது. அவளுடைய தங்கை, எங்களோடு இருக்கிற என் மச்சாள், கீரிக் கடற்கரை மணலைச் சலித்துச் சின்னத் துணிப்பையில் தைத்து மணிக்கட்டின் கீழே வைத்தாள். நடுக்கம் குறைந்தது. அட்டையை வடிவாக இருக்கட்டும் என்று லமினேற் பண்ணியிருந்தேன். அந்த மினுக்கத்தில் புள்ளி சிதறியது. வெறும் கடதாசியில் மறுபடி எழுதினேன். அலுமாரிக் கண்ணாடியில் பட்டு ஒளி எங்கள் கண்ணுக்குத் திரும்பும் என்று பயந்து, அதைச் சேலையால் மூடினோம். பொத்தானை அமத்திக் கட்டியதில் குட்டிப் பற்றரிகள் ஒரு பின்னேரத்திலேயே தீர்ந்தன. வயர் இழுத்து, மூன்று ரோர்ச் பற்றரியும் ஒரு சுவிச்சும் பொருத்தினேன். தொடர்ந்து எரிந்தால் லேசர் சூடேறி மங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் அவள் ஒரு எழுத்தில் நின்றதும் நான் அணைப்பேன், மூச்சுவிடும் நேரம் பொறுத்துத் திரும்பப் போடுவேன். கடற்காற்றின் உப்பு லேசரின் கண்ணாடி வில்லையில் படிந்துவிடும். துடைக்காவிட்டால் புள்ளி கரைந்த குங்குமம் மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு அவள் எழுத்துக்கூட்டிச் சொன்ன முதல் சொல், "தலை". நாங்கள் அழுதுகொண்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தோம். "கடிக்குது" என்றாள். மச்சாள் கண்ணைத் துடைக்காமலே அவளுடைய தலையைச் சொறிந்துவிட்டாள்.

அதற்குச் சில மாதங்களின் பின் சளிக்காய்ச்சல் வந்து அவளை ஆசுபத்திரியில் வைத்தார்கள். மூக்கில் ஒட்சிசன் குழாய், கையில் சேலைன், சிறுநீருக்கு ஒரு குழாய். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. அடுத்த நாள் மத்தியானம் நானும் மச்சாளும் சேர்ந்து அவளை மற்றப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தோம். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அவளுடைய முகம் சிவந்து கிடந்தது. நெற்றியில் வியர்வை ஊற்றியது. மணிக்கட்டு மெத்தையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னம்மா? நெஞ்சு நோகுதோ?" என்றேன். கண்களை இறுக்கி மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். ஓமா இல்லையா என்று பிரிக்க முடியவில்லை.

டொக்டர் ஓடிவந்தார். தெற்கிலிருந்து வந்த இளம் சிங்களப் பெண், இங்கே வந்த பிறகு தமிழ் பழகியவர். பிரஷர் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. நெஞ்சைச் சோதித்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"ஐயா, பிரஷர் மிச்சம் கூட. திரும்ப ஸ்ட்ரோக் வருதோ தெரியாது. பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பவேணும், ஸ்கான் எடுக்க. போறதுக்கு முதல் நித்திரைக்கு ஊசி போடுவம்."

நித்திரையாகிவிட்டால் அவள் என்ன சொல்ல நினைக்கிறாளோ அதுவும் அவளோடு போய்விடும். "டொக்டர், ஊசிக்கு முதல் அவவைக் கேளுங்கோ. அவ சொல்லுவா," என்றேன்.

"எப்படிச் சொல்லுவா?"

மச்சாள் கைப்பையிலிருந்து லேசரை எடுத்துவிட்டாள். எழுத்து அட்டை வீட்டுச் சுவரில் இருந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார், அவளுடைய அடித்துக்கொள்ளும் கையைப் பார்த்தார். "அம்புலன்ஸ் வரும்வரைக்கும்தான்," என்று சொல்லிவிட்டுத் தானே போய்ச் சுவரில் தொங்கிய பெரிய கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன் பின்பக்கம் மினுக்கமில்லாத வெள்ளை. மார்க்கரை வாங்கி எழுதத் தொடங்கினேன். வீட்டில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கவேண்டும், அவளுடைய கை அந்த இடங்களைத்தான் பழகியிருந்தது. ழ், ள் எழுதியபின் அடுத்தது ற் வருமா, ன் வருமா என்று ஒரு கணம் எனக்கு மறந்துபோனது.

கால்மாட்டில் நின்று டொக்டரே கலண்டரைப் பிடித்தார். "முகத்தை அதுக்குப் பின்னால வைச்சுக்கொள்ளுங்கோ, கண்ணில படக்கூடாது," என்றேன். மணல் பை இல்லை. மச்சாள் துவாயைச் சுருட்டி மணிக்கட்டின் கீழே வைத்தாள். சுவிச்சைப் போட்டேன்.

புள்ளியே தெரியவில்லை. ஜன்னலால் மன்னார் வெயில் நேராகக் கலண்டரில் விழுந்துகொண்டிருந்தது. மச்சாள் துணி மறைப்பை இழுத்து ஜன்னலுக்குக் குறுக்கே வைத்தாள். அப்போதும் மங்கலாக ஒரு சிவப்புக் கறைதான். வில்லையைச் சட்டை நுனியில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்தேன். கறை சுருங்கிப் புள்ளியானது. வெளியே அம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

புள்ளி எகிறிக் கலண்டருக்கு வெளியே போனது, திரும்பி வந்தது. க். அணைத்தேன், போட்டேன். உ.

"குளிர்! அக்கா, குளிருதோ?" என்றாள் மச்சாள். புள்ளி ஓரத்து வெற்றிடத்துக்குப் போனது. அது 'பிழை' என்று அர்த்தம்.

ழ். ஆ. நான்கு எழுத்துக்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ய்.

"குழாய்," என்றேன். டொக்டர் கலண்டரை மச்சாளிடம் கொடுத்துவிட்டு மூக்குக் குழாயைப் பார்த்தார், ஒட்சிசன் வந்துகொண்டிருந்தது. சேலைனைப் பார்த்தார், சொட்டிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியோடு ஒருவர் வாசலில் வந்து நின்று, "போவமோ?" என்றார். டொக்டர் திரும்பாமலே பொறுங்கோ என்று கையைக் காட்டினார்.

புள்ளி மறுபடி க் என்ற எழுத்துக்குப் போனது. பிறகு ஈ. அதோடு மங்கத் தொடங்கியது. லேசர் விரலைச் சுட்டது. அணைத்தேன். வாயால் ஊதினேன். அவளுடைய கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, அதில் கோபமா பயமா என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பப் போட்டேன். புள்ளி மெல்ல மெல்ல இறங்கி ழ் இல் வந்து நின்றது.

"கீழ்!" என்றார் டொக்டர், எனக்கு முதலே. "கீழ்க் குழாய்!"

போர்வையை விலக்கினார். சிறுநீர்ப் பை வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் அவளைத் திருப்பியபோது குழாய் தொடைக்கு அடியில் போய் இரண்டாக மடிந்திருந்தது. டொக்டர் தொடையைத் தூக்கி அதை விடுவித்தார். அடைபட்டிருந்தது பாய்ந்து வந்து பையை நிரப்பியது. டொக்டர் நடுவில் ஒருமுறை குழாயை நெரித்து நிறுத்தி, பொறுத்து, மறுபடி விட்டார். ஒரேயடியாக விடக்கூடாதாம்.

அவளுடைய மணிக்கட்டு அடிப்பதை நிறுத்தியது. முகத்தின் சிவப்பு வடிந்தது. டொக்டர் பிரஷர் பார்த்தார், கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார், பிறகும் பார்த்தார். மூன்றாம் முறைதான் வாசலில் நின்றவரிடம், "அம்புலன்ஸ் வேண்டாம்," என்றார். நான் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். மச்சாள் இன்னமும் கலண்டரைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

அடுத்த நாள் காலை டொக்டர் வந்தபோது என்னைக் கேட்கவில்லை. அவளுடைய முகத்துக்கு நேரே குனிந்து, "அம்மா, எங்கயாவது நோகுதோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்று சொல்ல இரண்டு முறை கண்ணை மூடினால் போதும். அவள் மூடவில்லை. கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லேசரைக் கட்டிவிட்டேன். டொக்டர் கலண்டரைத் தூக்கிப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். புள்ளி இ க்குப் போனது. பிறகு ல். நான் அணைத்துப் போட்டதும் மறுபடி ல். கடைசியில் ஐ. அவ்வளவு தூரமும் அவள் போய் முடிக்கும்வரை டொக்டர் கலண்டரை இறக்கவே இல்லை.