ஆரோக்கியராஜும் டச் ஸ்கிரீனும்

தாம்பரம் மார்க்கெட்டில் மத்தி மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. இரும்புலியூர் ஆரோக்கியராஜ் காலையில் இறந்துவிட்டான். மீனை விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். திருமுடிவாக்கத்தில் எங்களோடு பாட்டில் மூடி செய்த நண்பர்களே, உங்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் டச் ஸ்கிரீன் கதையைத் துக்க வீட்டிலும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னீர்கள். அன்றைக்கு மாட்டிக்கொண்டு முழித்தவன் நான். நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தது. பட்டனே கிடையாது, கம்ப்யூட்டர் திரையைத் தொட்டால்தான் ஓடும். நான் பத்தாவதைத் தாண்டாதவன். பழைய மெஷினின் பட்டனைக் கட்டைவிரலால் குத்திப் பழகிய கை. திரையையும் அப்படியே குத்தினேன்.

"மச்சான், கொசுவா அடிக்கிற? கொயந்த கன்னத்தத் தொடற மாதிரி தொடுடா" என்றான் ஆரோக்கியராஜ்.

"என் கொயந்தைங்களையே நான் அப்படித் தொட்டதில்ல."

"அதான் ரெண்டும் உன்னப் பாத்தா ஓடுதுங்க."

சிரித்தேன். ஆனால் மெஷினுக்கு ஒரு ஆபரேட்டர் போதும். எங்கள் இருவரில், விஜயதசமி காலையில் முதலாளி எதிரில் தடுமாறாமல் ஓட்டுகிறவனுக்கு மெஷின், மற்றவனுக்குக் குடோன். குடோனில் ஓவர்டைம் இல்லை. பெரியவளை அப்போதுதான் கான்வென்டில் சேர்த்திருந்தேன். அவனுக்கும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் செய்ததுபோல இதற்கும் பொட்டு வைத்தோம். முதலாளியின் அம்மா, நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், தம் கையாலேயே மல்லிகைச் சரத்தைத் திரையின் குறுக்கே தொங்கவிட்டார்.

மறுநாள் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். பெரியம்மா போட்ட பூ, யார் கை வைப்பது? சரத்துக்குப் பக்கத்தில் விரலை விட்டு ஸ்டார்ட்டைத் தொட்டேன். வேறு ஏதோ பக்கம் திறந்தது. மறுபடி தொட்டேன். பீப் என்று கத்தியது.

"இவருக்கு இது வராது சார்" என்றார் மேனேஜர். "நகருப்பா. ஆரோக்கியராஜ், நீ வா."

அவன் வந்து திரையை ஒரு பார்வை பார்த்தான். சரத்தை எடுத்து மானிட்டரின் உச்சியில் வைத்தான்.

"சாமி பூ தலை மேல இருக்கட்டும் சார், மூஞ்சில வேணாம். அதையும் விரல்னு நெனச்சிக்கினு கீது."

திரையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுமாம். எது மறித்தாலும் மெஷினுக்கு அது விரல்தானாம். அடுத்து அவன் ஸ்டார்ட்டைத் தொட்டிருந்தால் வேலை அவனுடையது. ஒதுங்கி நின்றான்.

"இப்ப அவன் தொடட்டும் சார்."

தொட்டேன். ஓடியது. நல்ல நாளில் ஓட்டின கையை மாற்றக்கூடாது என்று முதலாளி என்னையே இருக்கச் சொல்லிவிட்டார். இரண்டாவது மெஷின் வரும்வரை ஆரோக்கியராஜ் குடோனில் மூட்டை தூக்கினான்.

டீக்கடையில் கேட்டேன், ஏன்டா இப்படிச் செய்தாய் என்று.

"உன் கை தப்பு பண்ணியிருந்தா வுட்டிருப்பேன். பூ பண்ண தப்புக்கு நீ ஏன் குடோனுக்குப் போணும்? டீ ஆறுது, குடி."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. ஒரு நாளும் சொல்லிக்காட்டவும் இல்லை.

"இவனுக்கு வராது" என்று யாரைப் பற்றியாவது சொல்ல வாய் திறக்கும்போது, மூடிக்கொண்டு, எது மறிக்கிறதென்று பக்கத்தில் போய்ப் பார்க்கிறேன். மருமகன் விஷயத்தில் மட்டும் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆரோக்கியராஜிடமிருந்து நான் வைத்திருப்பது இது ஒன்றுதான்.