அட்டைப்படத்துக்கு ஐந்து கைகள்

சுற்றுச்சூழலையும் சாப்பாட்டையும் பற்றிய புதிய ஆங்கிலப் பத்திரிகை அது. நான்தான் வடிவமைப்பாளர். படம் எடுக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ஒரே ஊரில் ஆளுக்கொரு மூலை: ஆசிரியர் வைட்ஃபீல்டில், எழுதுகிற மூன்று பேர் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம், நான் ஜீவனஹள்ளியில் ஓர் ஒற்றை அறை வீட்டில். மாதக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்தும் நான் அவர்களைத் திரையில்தான் பார்த்திருந்தேன். அவர்கள் எல்லோரையும் எனக்கு நெஞ்சுவரைதான் தெரியும்.

முதல் அட்டைக்கு என்ன போடலாம் என்று பேசியபோது, சேர்ந்து சாப்பிடுவதைப் போடுவோம் என்றார் ஆசிரியர். ஒரு பாய், ஐந்து தட்டு, ஐந்து கை. மேலிருந்து எடுக்க வேண்டும், முகம் தெரியக் கூடாது. படத்துக்காகச் சமைத்ததை வீணாக்காமல் எடுத்தவர்களே தின்று தீர்க்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு விதியும் இருந்தது.

"அப்போ நாமளே அஞ்சு பேரும் உக்காந்துடலாமே. உங்க வீட்டுக்கே வந்துடறோம்" என்றார். மற்ற மூவரும் திரையில் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து சிலிண்டர்காரரைத் தவிர யாரும் உள்ளே வந்ததில்லை.

அப்போது மொச்சை சீசன். அவர்கள் வருவதற்கு முந்தின நாளே மொச்சையை ஊறப்போட்டு ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கினேன். நாலு பேர் கூடி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்கிற வேலை அது. தனியாகச் செய்தால் இடுப்பு விட்டுப்போகும். அன்றைக்கு என்னவோ பாட்டு முனகிக்கொண்டே செய்து முடித்தேன். தட்டு போதாமல் புதிதாக வேறு வாங்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிதுக்குப்பருப்புக் குழம்பு, கேழ்வரகுக் களி, கீரை எல்லாம் தயார். கேமராவையும் பாய்க்கு நேர் மேலே பொருத்திவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வர ஆரம்பித்தது. எழுதுகிறவர்களில் ஒருவருக்கு மாமியார் ஊரிலிருந்து வந்துவிட்டாராம். மற்ற இருவரும் கணவன் மனைவி. டிராஃபிக்கைப் பார்த்துப் பாதியிலேயே திரும்பிவிட்டார்களாம். ஆசிரியர் மட்டும் போன் செய்தார்.

"குட்டிக்கு ஜொரம் வந்துடுச்சுப்பா. பேஜார் பண்ணிக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு மேனேஜ் பண்ணிடுங்களேன். ஃபைல் நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போகணும்."

பக்கத்து வீட்டுக்காரர்களோடு நான் தண்ணீர் லாரியைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறேன். திடீரென்று கதவைத் தட்டி, சாப்பிட வாருங்கள், கையை மட்டும் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று எப்படிக் கேட்பது? கோபம் வந்தது. அதைவிட அழுகைதான் அதிகம் வந்தது. களி வேறு ஆறிக்கொண்டிருந்தது.

கேமராவை அசைக்காமல் ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் நானே மாறி மாறி உட்கார்ந்தேன். ஓர் இடத்தில் கண்ணாடி வளையல், அடுத்த இடத்தில் கைக்கடிகாரம், இன்னொன்றில் முழுக்கைச் சட்டை, பிறகு ஒரு கறுப்புக் கயிறு, கடைசியில் வெறுங்கை. ஐந்து படங்களையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்தேன். எனக்கே எரிச்சல் வருகிற அளவுக்கு வேலை சுத்தமாக அமைந்தது. விதியை மீறக் கூடாது என்று அதே குழம்பைச் சுடவைத்துச் சுடவைத்துப் புதன்கிழமைவரை தின்றேன்.

இதழ் வெளிவந்ததும் திரையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

"யாருங்க இந்த ஃபேமிலி? எவ்ளோ ஒட்டுதலா இருக்காங்க!" என்றார் ஆசிரியர்.

"தெரிஞ்சவங்கதான்" என்றேன்.

வாணியம்பாடியில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கிடைத்த அன்றே போன் செய்தாள். அட்டை எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன்.

"அஞ்சும் உன் கைதானே" என்றாள். "ஏன்டி, ஒருத்தருங்கூட வரலையா?"

"வரலம்மா" என்றேன்.