மூன்றாம் வரிசை

பிரிஜா தேங்காய்ப்பட்டணத்துக்காரி. அப்பா மரியான் கடலுக்குப் போய்ப் படிக்கவைத்த பெண். 2011-இல் நாகர்கோவிலில் ஒரு தனியார் நெட்வொர்க் கம்பெனியில் சேர்ந்தாள். ஊர் ஊராகக் கேபிள் இழுத்து வங்கி, ஆஸ்பத்திரி, வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும் கம்பெனி. துறைமுகத்தில் மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறைக்கும் அந்தக் கம்பெனி இணைப்புதான். படகுகள் வயர்லெஸ்ஸில் சொல்வதை அங்கிருக்கும் ஆபேல் கேட்டு, அந்த இணைப்பில் ஓடும் போனில் மீட்பு அலுவலகத்துக்குச் சொல்வார்.

கம்பெனி எட்டுத் தரங்களில் சேவை விற்றிருந்தது. பக்கத்து ஊரான புதுக்கடையில் இருந்த ரவுட்டரிலோ நான்கு வரிசைகள்தான். பாதை நிறைந்துவிட்டால் மேல் வரிசையில் உள்ளது முதலில் போகும். கீழே இடமில்லாததை ரவுட்டர் தூக்கி எறிந்துவிடும். இயந்திரத்தோடு பிறந்த அமைப்பு அது, ஐந்தாவது வரிசையை யாராலும் சேர்க்க முடியாது. எட்டை நான்கில் அடைக்கும் வேலை பிரிஜாவுக்கு வந்தது. முதல் வரிசையில் அளவுக்கு மேல் திணித்தால் எல்லாமே கெடும். ஆஸ்பத்திரி வீடியோவையும் பெரிய அலுவலகங்களின் போனையும் அங்கே வைத்தாள், வங்கிகளை இரண்டாவதில். சங்கத்தின் போனுக்கு இடமில்லை. அதை மூன்றாம் வரிசையில் வீட்டு இன்டர்நெட்டோடு சேர்த்தாள்.

மேலாளர் தாணுமாலயனிடம் போய்ச் சொன்னாள். “சார், சங்கத்துப் பேச்ச அங்க விடப்பிடாது. வேற ரவுட்டர் வேணும்.”

“அவ்வோ என்னத்தப் பெருசா பேசப் போறாவ? அடுத்த வருசம் பாப்போம்மா.”

அந்த வருஷம் கார்த்திகையில் காற்று எழும்பியது. வளைகுடாவில் இருந்தவர்கள் வீட்டை அழைத்தபடி இருந்தார்கள். வீடுகளில் புயல் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதை நிறைந்து வழிந்தது. செல்வனின் படகில் தண்ணீர் ஏறி எஞ்சின் நின்றது அப்போதுதான். பிரிஜாவின் பெரியம்மா மகள் கிரேசியின் கணவன் அவன். இருக்கும் இடத்தை அவன் சொல்ல, ஆபேல் போனில் திருப்பிச் சொன்னார்: “ஏழு டிகிரி நாற்பத்தேழு நிமிடம்.” மறுமுனையில் ‘நாற்பது’ விழாமல் ஏழு டிகிரி ஏழு என்றே கேட்டது. அவர்கள் திரும்பக் கேட்டதும் துண்டு துண்டாகத்தான் வந்தது. “ஏழுதானே?” என்றது காதில் விழ, டிகிரியைக் கேட்கிறார்கள் என்று நினைத்து ஆபேல் “ஆமா, ஆமா” என்று கத்தினார்.

கப்பல் வெகு தெற்கே தேடியது. செல்வனின் உடல் சில நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. கூடப் போன மூன்று பேர் கிடைக்கவே இல்லை.

நம்பரைத் தப்பாகச் சொல்லிக் கொன்றவன் என்று ஊர் ஆபேலைப் பிடித்துக்கொண்டது. கல்லெறிந்து வீட்டு ஓடுகளை உடைத்தார்கள். கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். தான் சரியாகச் சொன்னோமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிரிஜா ரவுட்டரின் பதிவைத் திறந்து பார்த்தாள். அந்த நேரத்தில் மூன்றாம் வரிசைக்கு வந்ததில் பாதிக்கு மேல் அது எறிந்திருந்தது. தாணுமாலயனிடம் காட்டினாள்.

“கடல் கொன்னதுக்கு நாம என்ன செய்ய? வெளிய வாயத் தொறக்காத.”

அவள் நேராகக் கிரேசி வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கிரேசி கேட்டாள்:

“அப்போ ஆபேல் அண்ணன் செரியாத்தான் சொன்னாவளா?”

“செரியாத்தான் சொன்னாவ.”

“அந்த வரிசையில போட்டது ஆரு?”

“நான்தான் அக்கா.”

கிரேசி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில் பிரிஜா அதையே மறுபடி சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. மரியான் மட்டும் தலையைக் குனிந்தபடி வெளியே போனார். மறுநாள் கம்பெனி அவளை வேலையிலிருந்து நிறுத்தியது.

சங்கத்தார் ஆபேல் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டினார். வயர்லெஸ் அறைக்குத் திரும்பவில்லை. சங்கத்தின் போன் முதல் வரிசைக்கு ஏறிவிட்டதாகப் பிரிஜாவுக்குப் பழைய ஆபீஸ் தோழி சொன்னாள். ரவுட்டர் பழையதுதான். அதற்குப் பதிலாக எதைக் கீழே இறக்கினார்கள் என்று தோழிக்குத் தெரியவில்லை.