இரண்டு பக்கமும் ஒரே குளிர்

துபாயில், அல் குசைஸில் நாங்கள் குடியிருந்த வீட்டில் அறை என்று இருந்தது ஒன்றுதான். சித்தி மூன்று மாத விசிட் விசாவில் வருகிறாள் என்று முடிவானதும், அப்பாவும் சித்தப்பாவும் அந்த ஓர் அறையைப் பிளைவுட் பலகை அடித்து, அதில் ஒரு கதவும் வைத்து இரண்டாக்கினார்கள். பலகை மேலே சீலிங்வரை போகவேண்டும், சந்தே இருக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். பல்லி வராமல் இருக்க என்றாள். எனக்கு அப்போது ஏழு வயது. அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அதுவரை கம்பெனி கேம்பில் எட்டுப் பேரோடு ஒரே ரூமில் இருந்தவர். லீவில் பரமக்குடிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தபோது கல்யாணம் நடந்தது. முப்பத்தைந்தாம் நாள் திரும்பி வந்துவிட்டார். மனைவியைக் கூடவே வைத்துக்கொள்கிற விசா அவர் சம்பளத்துக்குக் கிடைக்காது. ஒன்றரை வருஷம் கழித்து, அப்பா தன் பொறுப்பில் விசிட் எடுத்துக் கொடுத்தபிறகுதான் சித்தி வந்தாள்.

அவள் வந்தது ஜூன் மாதம். ஜன்னலும் ஜன்னலில் பொருத்தியிருந்த ஏசியும் எங்கள் பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கம் ஒரு மேசை விசிறி மட்டும். நாங்கள் இங்கே போர்வைக்குள் சுருண்டுகிடப்போம். சித்தி அங்கே துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து வெள்ளைக் கட்டியாக இருக்கும். சித்தியின் பாட்டிலில் அது தண்ணீராக ஓடும். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. பலகையில் ஒரு ஓரத்தைப் பிரித்துவிடலாமா என்றுகூடக் கேட்டாள். அப்பா வேறெங்கோ பார்த்தார்.

கட்டடங்களில் ஏசிக் காற்றுக்குத் தகரக் குழாய் போடுவதுதான் சித்தப்பாவின் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, சைட்டில் மிஞ்சிய தகரத்தையும், மடிப்பு மடிப்பாக நீளும் வெள்ளி நிறக் குழாய் ஒன்றையும் கொண்டுவந்தார். ஏசியின் வாயில் தகரப் பெட்டி ஒன்றை மாட்டினார். அதில் ஒரு துவாரம் எங்களுக்கு. இன்னொன்றிலிருந்து கிளம்பிய குழாய் சுவரோரமாகப் போய், பலகையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திறந்தது. டிஷ்யூ காகிதத்தை நாடாவாகக் கிழித்து இரண்டு வாய்களிலும் ஒட்டி, எது ஆடுகிறது என்று பார்த்துச் சொல்ல என்னை நிறுத்தினார்.

எங்கள் பக்கத்து நாடா கொடிபோலப் பறந்தது. சித்தி பக்கத்தில் இருந்தது லேசாகத் தலையாட்டிவிட்டு நின்றுவிட்டது.

எங்கள் துவாரத்தை அட்டை வைத்துப் பாதி அடைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஏசிக்குள் ஐஸ் கட்டிக்கொண்டு தண்ணீர் சொட்டியது. சித்தப்பா தரையில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத்தானே சிரித்தார். ரம்பத்தை எடுத்துப் பலகையின் அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு சாண் உயரத்துக்கு அறுத்து எடுத்துவிட்டார்.

"காத்து போனா மட்டும் பத்தாது மதினி," என்றார் அம்மாவிடம். "அது திரும்பி வரவும் வழி வேணும். உள்ள இருக்கிறது வெளிய வந்தாத்தான் புதுசு உள்ள போகும்."

இரண்டு நாடாக்களும் ஒன்றுபோல ஆடின. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை. தகரப் பெட்டிக்குள் நகர்த்துகிற தகடு ஒன்று வைத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நாலைந்து நாள் நகர்த்திக்கொண்டேயிருந்தார். அவர் டூட்டிக்குப் போனதும் அம்மா அதைச் சித்திக்குச் சாதகமாகத் தள்ளுவாள். அம்மா சமையலறைக்குப் போனதும் சித்தி எங்களுக்குச் சாதகமாகத் தள்ளுவாள். இது சித்தப்பாவுக்குத் தெரியாது. கணக்கு எங்கே தப்புகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு நாள் சித்தியின் எண்ணெயும் வெள்ளையாக உறைந்தது. அந்தப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு சொட்டுக்கூட விழவில்லை பாருங்கள் என்று வீடு முழுக்கக் காட்டினார்.

எனக்கு லாபம் அந்த ஒரு சாண் சந்துதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் மல்லாந்து படுத்துக் காலை அந்தப் பக்கம் நீட்டுவேன். சித்தி என் கால் நகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பாலிஷ் போடுவாள். எனக்கு அவள் விரல்கூடத் தெரியாது, குளிர்ச்சியாக ஏதோ படுவது மட்டும் தெரியும். அவள் எப்போதும் கிசுகிசுத்துத்தான் பேசுவாள். சித்தியின் குரலே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

குழாய் காற்றை மட்டும் கொண்டுவரவில்லை. என் கட்டில் தகரப் பெட்டிக்கு நேர் கீழே இருந்தது. ஒரு புதன்கிழமை, சித்தப்பா டூட்டி முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த நேரம், ஏசி கொஞ்சம் நின்றது. சித்தி என் காதுக்குள்ளேயே பேசுவதுபோலக் கேட்டது.

அன்று சாப்பாட்டுக்கு எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்ததும் நான் அதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஸ்டார் கொடுப்பார்கள்.

"ஒரு நாளாச்சும் நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கணும். நான் சத்தமாப் பேசணும்."

யாரும் எனக்கு ஸ்டார் கொடுக்கவில்லை. அப்பா ரசத்தை மறுபடியும் ஊற்றிக்கொண்டார். சித்தப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து போன சித்தி வெகுநேரம் வரவில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்த்துச் சாப்பிடு என்றாள்.

சித்தி ஊருக்குப் போக இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா, வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அஜ்மானில் அப்பாவின் சிநேகிதர் வீட்டுக்குப் போகிறோம் என்று அறிவித்தாள். காலையில் போனால் இருட்டியபிறகுதான் வருவோம், சாயங்காலம் கடற்கரை. சித்தியும் வரட்டும் என்றேன். சித்திக்குக் காய்ச்சல் வருகிறமாதிரி இருக்கிறதாம், சித்தப்பா துணைக்கு இருப்பாராம். சித்தி அப்போதுதான் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். தனக்குக் காய்ச்சல் என்பதை எங்களோடு சேர்ந்துதான் அவளும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சித்தி விடிவதற்குள் குளித்து, அரக்குச் சேலை கட்டியிருந்தாள். சித்தப்பா சவரம் செய்து, கறி வாங்கி வந்திருந்தார். காய்ச்சலோடு இவள் தலைக்குக் குளித்திருக்கிறாளே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. கீழே சிநேகிதரின் கார் ஹாரன் அடித்தது. நான் பலகைக் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றேன். சித்தியை நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று அழுதேன். அம்மா கெஞ்சினாள், கிள்ளினாள், ஐஸ்கிரீம் என்றாள். அப்பா கையைப் பிடித்து இழுத்தார். ஹாரன் மறுபடி அடித்தது. 

சித்திதான் என்னைத் தூக்கினாள். "இருக்கட்டும்க்கா. பிள்ளை அழுவுது. விட்டுட்டுப் போங்க."

அதைச் சொல்வதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தை நான் கவனிக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

அன்று முழுக்க நான் கடமை தவறவில்லை. சாப்பிடும்போது இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். மத்தியானம் கொஞ்சம் தூங்கு என்றார் சித்தப்பா, தூக்கம் வரவில்லை. தன் செல்போனில் கேம் வைத்துக் கொடுத்து அந்தப் பக்கம் போய் விளையாடு என்றார். அவர் மடியில் உட்கார்ந்து விளையாடினேன். கீழே பக்காலா என்கிற பெட்டிக்கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, கடைக்கார பாயிடம் ஏதோ சொல்லிவிட்டு, இங்கேயே உட்கார்ந்து மெதுவாகத் தின்றுவிட்டு வா என்றார். சித்திக்கும் ஒன்று கேட்டு வாங்கி, உருகுவதற்குள் கொடுக்க அவருக்கு முன்னால் படியேறி ஓடினேன்.

நாலு மணி இருக்கும். சித்தி சித்தப்பாவைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வழக்கத்தைவிடக் குரல் பெரிதாக இருந்தது. நான் அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, காய்ச்சல்காரர்கள் பேசக் கூடாது என்று சொல்லி வாயைப் பொத்தினேன். அவள் என் கைக்குள்ளேயே சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சித்தப்பா எழுந்து ஏசித் தகட்டைச் சரிசெய்யப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை சித்தி ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் துபாய்க்கு வரவேயில்லை. முதலில் கம்பெனி மாறியது, பிறகு குழந்தைகள், பிறகு ஊரில் வீட்டு வேலை. சித்தப்பா கேம்புக்குத் திரும்பி, இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு என்று இருபது வருஷத்துக்குமேல் இருந்தார். அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கியது போன வருஷம்தான். எனக்குக் கல்யாணமாகி, என் கணவர் மட்டும் சவூதியில் யான்பு ரிஃபைனரியில் வேலை கிடைத்துப் போனபிறகு, போனில் பேசிவிட்டு வைத்த ஒரு மாலையில்தான் அந்த வெள்ளிக்கிழமை முழுவதுமாக எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இருட்டியபிறகு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். ஒரு நிமிஷம்கூடச் சித்தியை விட்டு நகரவில்லை என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா சித்தியைப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கிருச்சுக்கா," என்றாள் சித்தி, பழையபடி கிசுகிசுப்பாக.

அம்மா என்னைத் திட்டவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த கடல் மணலைத் தட்டுகிற சாக்கில் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் கூட வராததுதான் அவளுக்கு வருத்தம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்று ஆறுதல் சொன்னேன்.