சப்பாத்தில்லாமல் போன முதல் வெளிநாடு

புதுச் சப்பாத்துத் தோலின் மணம் என்றால் எனக்கு இன்றைக்கும் பேசாலை வீட்டு அலுமாரிதான் ஞாபகம் வரும். கதவைத் திறந்தவுடன் பூச்சி உருண்டை மணத்தையும் தள்ளிக்கொண்டு அது முன்னால் வந்து நிற்கும்...

மண்ணிறச் சப்பாத்து. மன்னார்க் கடைத்தெருவில், வேலை கிடைத்த பிறகு எனக்கென்று வாங்கிய முதல் பொருள். ஊரில் ஒருநாளும் காலில் போடவில்லை. வெளிநாட்டு மண்ணில்தான் அதற்கு முதல் அடி என்று வைத்திருந்தேன்.

வெளிநாடு என்றால் இராமேசுவரம்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். லீவு கேட்கப் போனபோது எங்கள் கந்தோர்ப் பெரிய கிளாக்கரும் சிரித்தார்.

"ஐசே, காலமை கப்பல் ஏறினால் பின்னேரம் போய் இறங்குற இடமும் ஒரு வெளிநாடோ?"

கந்தோரே சிரித்தது. யார் யார் சிரித்தது என்று ஒரு சுற்றுப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒரு முகமும் இன்னும் மறக்கவில்லை.

ஆவணி மாதக் கடைசி. மடுத் திருவிழா முடிந்துவிட்டது. வீட்டுக்குள் மணலை அள்ளிக் கொட்டிய சோழகக் காற்றும் கொஞ்சம் களைத்துப் போயிருந்தது. அக்காவின் மகனுக்கு வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்திருந்தா. பிள்ளையின் தலைமயிர் வளர்ந்து கண்ணை மூடிவிட்டது. பயணத்துக்குத் தலைவர் அத்தான். நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிறவர். முன்பு ஒருமுறை இந்தியா போய் வந்தவர் என்பதால், அந்த நாட்டை அவர்தான் கண்டுபிடித்த மாதிரிக் கதைப்பார்.

"சனிக்கிழமைக் கப்பலை விட்டால் சரிவராது மச்சான். பிறகு மழை வந்திடும், நான் விதைக்க வேணும். உன்ர லீவும் முடிஞ்சிடும்."

அது உண்மைதான். ஆனால் கொழும்புக்கு அனுப்பிய பாஸ்போர்ட்டுகள் வரவேயில்லை. வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் மட்டும் தினமும் அலுமாரியைத் திறந்து சப்பாத்தை மணந்து பார்த்துவிட்டு மூடினேன்.

வியாழக்கிழமை பின்னேரம், விசாவும் குத்தி, எல்லாம் வந்து சேர்ந்தன! அக்கா கத்தினா. அத்தான் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"என்னம்மா?"

"மடு மாதாவிட்ட ஒரு நேத்தி வைச்சனான். பாஸ்போர்ட் வந்தால், கப்பல் ஏற முதல், சந்தியிலயிருந்து கோயில் மட்டும் வெறுங்காலோட நடக்கிறதெண்டு."

"நீங்கள் எப்பிடியம்மா அவ்வளவு தூரம் நடப்பீங்கள்?"

"நான் எங்க நடக்கிறது? எனக்கு வாதக் கால். அக்காவுக்குக் கைப்பிள்ளை. மருமகனுக்கு வயல் வேலை. நீதானே கந்தோரில சும்மா கதிரையில இருக்கிறாய்? உன்ர பேரில வைச்சனான்."

எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு இது ஒரு வழக்கம். நேர்வது அவர்கள், நடப்பது நாங்கள்!

வேளாங்கண்ணியால் திரும்பி வந்து நடக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"இஞ்ச இருக்கிற மாதாவுக்குச் சொன்னதைச் செய்யாமல், அங்க இருக்கிற மாதாவிட்ட எந்த முகத்தோட போறது? நான் கப்பல் ஏறமாட்டன்."

அம்மா ஏறாவிட்டால் அக்கா ஏறமாட்டா. அக்கா ஏறாவிட்டால் மொட்டையும் இல்லை, வெளிநாடும் இல்லை. எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

வெள்ளி காலை மடுச் சந்தியில் அத்தான் ட்ராக்டரோடு நின்றார். காதுக்குள் சொன்னார், "மச்சான், காட்டுக்க போனவுடன ஏறு. கோயிலுக்குக் கிட்ட இறக்கிவிடுறன். ஆருக்குத் தெரியும்?"

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. ட்ராக்டர்ப் பெட்டியில் ஏறி, பின்பக்கம் பார்த்தபடி, குடையை விரித்து, செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு இருந்துவிட்டா.

அப்படித்தான் போனோம். முன்னால் ட்ராக்டர் ஊர்ந்தது. அதில் குடைக்குக் கீழே அம்மா. அந்தப் புழுதிக்குள் நான். ஆவணி வெயிலில் கிரவல் றோட்டு அடுப்பு மாதிரி... அத்தான் இடைக்கிடை திரும்பி, "இந்தியாவுக்கு இப்பிடியே நடந்து போயிடலாம் போல!" என்று கத்துவார். அம்மாவும் செபத்தை நிறுத்திச் சிரித்தா. கோயில் கோபுரம் தெரிந்தபோது இரண்டு பாதமும் கொப்பளம்.

சனிக்கிழமை எல்லாரும் கப்பலில் இருந்தோம். சப்பாத்துக்குள் என் கால் போகவில்லை. வீங்கிப் போயிருந்தது.

"சும்மா கிடந்து பழுதாப் போகப்போகுது. நான் போடுறன்" என்றார் அத்தான்.

போட்டார்! அளவும் சரியாக இருந்தது. வெளிநாட்டு மண்ணில் என் சப்பாத்து முதல் அடி வைத்தது அவருடைய காலில். நான் பின்னால் நொண்டிக்கொண்டு இறங்கினேன். அக்காவின் மகனுக்கு மொட்டை போட்டபின் வேளாங்கண்ணியில் எடுத்த படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அத்தானின் காலில் சப்பாத்து பளபளக்கிறது. நான் வெறுங்காலோடு. அம்மாவின் முகத்தில்தான் எல்லாரையும் விடச் சந்தோஷம்.

போன ஞாயிறும் அத்தான் போன் எடுத்தார். சப்பாத்துக் கதையைச் சொல்லிக் காட்டினேன். "இன்னும் விடேல்லையோடா நீ?" என்று சிரிக்கிறார். விடமாட்டேன்.

இப்போது நான் கனடாவில். இங்கேயும் கோடை முடிகிறது. வேளாங்கண்ணிக்குப் போகவேண்டும் என்று மகள் சாப்பிட்டபடியே போனில் டிக்கெட் போட்டுவிட்டாள். அந்தக் கப்பல் எப்போதோ நின்றுவிட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டா. என்னிடம் நாலு சோடி சப்பாத்து இருக்கிறது.

நேற்று மகள் வந்து சொன்னாள், "அப்பா, இந்தியா விசா இன்னும் வரேல்லை."

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் சும்மாதான் இருக்கின்றன... என்னைக் கேளாமல் நேர்ந்துவிடத்தான் ஆளில்லை.