ஐந்தாம் மாடிக்கு ஒரு கூம்பு

ஏப்ரல் 6: பதினேழு.
அக்டோபர் 9: இருபத்துநான்கு.
மறு ஏப்ரல் 4: முப்பத்துமூன்று.
அக்டோபர் 7: எழுதவில்லை. மகளுக்குக் காய்ச்சல்.

விரிப்பின் நடு ஓரத்தை மோவாயால் அழுத்திக்கொண்டு, இரு கைகளையும் அகல நீட்டி, உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தபடி மடிக்கிறார். ஒரு விரிப்புக்கு நான்கு மடிப்பு. ஒரு மடிப்புக்கு ஒரு சூத்திரம். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் இவரை எல்லோரும் ‘பெட்ஷீட்டக்கா’ என்றே கூப்பிடுகிறார்கள். வயது நாற்பத்துமூன்று. மேலே உள்ளவை பத்தாம் வகுப்புத் தேர்வில், கணக்குப் பாடத்தில், அவர் வாங்கிய மதிப்பெண்கள். மற்ற பாடங்களில் முதல் முறையே தேறிவிட்டார். கணக்கில் முப்பத்தைந்து வேண்டும்.

அடுத்த அறை என்னுடைய பதிவேட்டு அறை. ஓய்வு பெற்ற பிறகும் வாரம் மூன்று நாள் வருகிறேன். இடையில் ஒரு கண்ணாடித் தடுப்புதான்.

சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் ஜூன் 30 அன்று ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். ஜூன் 20க்குள் விண்ணப்பிக்க வேண்டும். “அவருக்கு வேலைய சொல்லிக் குடுத்ததே நான்தான் சார். ஆனா காகிதம் அவர்கிட்ட இருக்கு, எங்கிட்ட இல்ல” என்பார் சிரித்துக்கொண்டே.

வீட்டில் படிக்க முடியாது. மகள் போன ஆண்டே பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டாள். “ஏம்மா, ஹோம்வொர்க் முடிச்சியா, முடிக்காம டிவி கிடையாதுன்னு என்னையே மிரட்டுறா சார்.” ஆகவே படிப்பெல்லாம் இங்கேதான், இயந்திரம் சுற்றும் நாற்பது நிமிடங்களில். நீராவியில் புத்தகம் நமத்துப் போகிறது. துணிக்கட்டுகளில் எந்த மாடி, எத்தனை விரிப்பு என்று எழுதிக் குத்தும் அட்டைச் சீட்டுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றிலேயே சூத்திரங்களை எழுதி, ஊக்கு போட்டுத் தோளில் குத்திக்கொள்கிறார்.

உருளை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. “துணி போடுற டிரம்முதானே சார்!” கூம்பின் கன அளவுதான் பிடிபடவில்லை.

சென்ற நவம்பர் 12, காலை 10.20. ஐந்தாம் மாடி வார்டு சிஸ்டர் போன் செய்தார்.

“இருபது பெட்ஷீட் கேட்டா, ஒரு கூம்பு அனுப்பி வெச்சிருக்கீங்க?”

தோளில் இருக்க வேண்டிய சீட்டு துணிக்கட்டிலும், கட்டின் சீட்டு தோளிலும் இருந்தன. பெட்ஷீட்டக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயையோ, மானம் கப்பலேறிப் போச்சு சார்!”

மாலையில் அழுக்குத் துணி மூட்டையோடு அந்தச் சீட்டு திரும்பி வந்தது. சிவப்பு மையில் சிஸ்டர் எழுதியிருந்தார்: “மூணுல ஒரு பங்கு விட்டுப்போச்சு. இப்படியே விட்டா அது உருளை.” அதற்குக் கீழே ஒரு கணக்கு. மறுநாள் வெளுத்த கட்டோடு விடை மேலே போயிற்று; மாலையில் அடுத்த கணக்கு இறங்கி வந்தது. ஏப்ரல் வரை நூற்றுப்பதினெட்டுச் சீட்டுகள், நான் எண்ணியிருக்கிறேன். கட்டுகள் துணி லிஃப்டில் போய் வருவதால் இருவரும் முகம் பார்த்ததே இல்லை.

“ஒரு தடவை மேல போய்ப் பாத்துட்டு வாங்களேன்” என்றேன்.

“பாஸாகாம எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது? நீங்க வேற சார்!”

ஏப்ரல் 8 அன்று மறுபடி எழுதினார். முடிவுக் கடிதத்துக்கு என் அறை முகவரியைக் கொடுத்திருந்தார். “வீட்டுக்கு வந்தா பொண்ணுதான் மொதல்ல பிரிப்பா. ஃபெயிலுன்னா தெருவுக்கே கேக்கும்.” ஜூன் பிறந்ததிலிருந்து, தபால் வரும் நேரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரிப்பு பாதி மடிப்பில் நிற்கும்.

கடைசியாகக் கடிதம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். உடனே பிரிக்கவில்லை, மேசையில் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் ஒருமுறை நீவினார். பிறகு பிரித்தார். ஐந்தாம் மாடிக் கட்டின் சீட்டை உருவி, அதில் ஒரு வரி சேர்த்தார். திரும்பக் குத்துவதற்கு முன், சரியான சீட்டுதானா என்று இருமுறை பார்த்துக்கொண்டார். கட்டோடு என் வாசலைக் கடந்தபோது நானும் படித்தேன்:

“ஐந்தாம் மாடி. பெட்ஷீட் 20. கணக்கு 46.”

துணி லிஃப்ட் திறந்தபடி காத்திருந்தது. அவர் அதில் கட்டை வைக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு படியேறத் தொடங்கினார்.

கடிதம் வந்த தேதி: ஜூன் 19.