ரோஜா இலையில் ஓர் அரைவட்டம்

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். அதாவது, அடுத்தவன் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். ரிட்டையர் ஆனதும் சம்பளம் நின்றது, வேலை நிற்கவில்லை. சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய்த் துண்டுகளைத் தட்டோரம் வரிசையாக அடுக்கி, ஒன்றுக்கொன்று நீளம் சரியில்லை என்று காட்டிய மகராசன் அவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சேக்காட்டில் சொந்த வீட்டுக்கு வந்ததும், அந்தக் கண் என் அடுப்படியை விட்டு வேறு எங்காவது போகட்டும் என்று நான்தான் ஏழு ரோஜாத் தொட்டி வாங்கி வைத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

தொட்டிகள் இருந்தது மதில் ஓரத்தில். மதிலுக்கு அந்தப் பக்கம், நான் அக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி. ஊரின் பழைய குடும்பம்; எங்கள் வீடு நிற்கிற இடத்திலேயே ஒரு காலத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டவர்கள். தினம் காலையில் மதில்மேல் கையை நீட்டி, சாமிக்கென்று இரண்டு ரோஜா பறித்துக்கொள்வாள். நான் சொல்லி வைத்ததுதான். எனக்கு டெங்கு வந்து படுத்தபோது ஒன்பது நாள் கஞ்சி வந்தது அந்த மதில் வழியாகத்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இத்தனை வருஷம் கழித்தும், இந்த ஊரில் மனசு விட்டுப் பேச எனக்கிருந்தது அவள் ஒருத்திதான்.

ஒருநாள் ரோஜா இலைகளின் ஓரத்தில் கடி தெரிந்தது. போதாதா இவருக்கு? வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். குழுவில் உள்ள அத்தனை ரிட்டையர்டு விஞ்ஞானிகளும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் என்றார், ஒருவர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்றார், இன்னொருவர் புளித்த மோரில் பெருங்காயம் என்றார். எல்லாவற்றையும் அடித்தார். எங்கள் வீட்டில் ரசத்துக்குப் பூண்டு இல்லாமல் போனது, கடி மட்டும் குறையவில்லை.

அடுத்த பழி அக்காவின் முருங்கை மரத்தின் மேல் விழுந்தது. அதில் கம்பளிப்பூச்சி இருந்தது. எந்த முருங்கையில்தான் இல்லை?

"அது முருங்கைய வுட்டா வேற எதையும் துன்னாது சார். சொன்னா கேளு" என்றாள் அக்கா.

கத்தரிச் செடியோடு வளர்ந்தவள் சொல்கிறாள். இவர் கேட்பாரா? எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கிளையை வெட்டச் சொன்னார். பூவும் பிஞ்சுமாக இருந்த கிளை. முகம் சுளிக்காமல் வெட்டிப் போட்டாள்.

அப்புறமும் இலையில் அரைவட்டம். இவர் பெட்டியிலிருந்து, தொழிற்சாலையில் நூலிழை கனம்கூட அளக்கிற வெர்னியர் கருவியை எடுத்தார். இலை இலையாக அளந்து, எண் போட்டு, ஒரு நோட்டில் எழுதினார்.

"ஏட்டி, இங்க வா. பூச்சி கடிச்சா பிசிறு இருக்கும்லா? இதுல இருக்கா பாரு. எல்லாம் ஒரே சைஸு. பன்ச் போட்ட மாதிரி இருக்கு. இது மனுசக் கை வேலை. கிளைய வெட்டச் சொன்னோம்லா, அந்தக் கோவம்."

நான் சிரித்துவிட்டேன். "கோவம் வந்தவ செடியப் பிடுங்கிப் போடுவா. உக்காந்து ரவுண்டு ரவுண்டா நறுக்கிக்கிட்டா இருப்பா? கூறு இருக்கா உங்களுக்கு?" என்றேன். அடுப்படியில் வைத்துத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை அக்கா இரண்டு பூவைப் பறித்துக் கையில் வைத்திருந்தாள். இவர் நோட்டும் இலையுமாகப் போய் நின்றார்.

"பூ எடுக்கச் சொன்னா பூவ மட்டும் எடுக்கணும்மா. இலைய என்னத்துக்கு வெட்டுதீங்க?"

"இன்னா சார் சொல்ற? நான் இன்னாத்துக்கு எலைய வெட்டப் போறேன்?"

இவர் நோட்டைப் பிரித்து அளவுகளை வாசித்தார். அக்கா என்னைப் பார்த்தாள். வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பழகின வாய், திறக்கவில்லை. கையிலிருந்த வேப்பெண்ணெய் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். அக்கா பறித்த பூக்களை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு மதிலில் கை நீளவில்லை. அரைவட்டங்கள் மட்டும் தவறாமல் விழுந்தன. இவர் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். நாலாம் நாள் உச்சி வெயிலில் கத்தினார், நான் ஓடினேன். தேனீ மாதிரி ஒன்று இலை ஓரத்தில் உட்கார்ந்து, கத்தரிக்கோல் போட்டதுபோல ஒரு சுற்றுச் சுற்றி, துண்டைச் சுருட்டி வயிற்றுக்கடியில் பிடித்துக்கொண்டு பறந்தது. போய் நுழைந்தது எதில் தெரியுமா? இவரே படம் வரைந்து வெல்டிங் வைக்கச் சொன்ன தொட்டி ஸ்டாண்டின் குழாயில். முனைக்கு மூடி போட மறந்திருக்கிறார் இன்ஸ்பெக்டர்.

போனில் தேடிப் படித்தார். அது இலைவெட்டித் தேனீயாம்; இலையைத் தின்பதில்லையாம்; குஞ்சுகளுக்கு அறை கட்டக் கொண்டுபோகிறதாம். செடிக்கும் பெரிய சேதம் இல்லையாம்.

"நல்ல ஃபினிஷிங்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு. அதுவும் ஈக்கு!

ஒன்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, "தப்பு எம்மேலதாம்மா, மன்னிச்சிருங்க" என்று நேராகச் சொன்னார்.

"வுடு சார். ஏதோ நெனச்சே, கேட்டுட்டே. போவட்டும்" என்றாளாம்.

எனக்குப் போன உயிர் வந்தது. மறுநாள் விடிந்ததும் இருந்த ரோஜாவையெல்லாம் பறித்துக்கொண்டு மதிலுக்குப் போனேன். அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மனுசனுக்கு இலைய அளக்கத்தான் தெரியும், ஆள அளக்கத் தெரியாது. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே பூவை நீட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "அவர இன்னாத்துக்கு இழுக்குற? அவருக்கு என்னப் பத்தித் தெரியாது, கேட்டாரு. தப்புன்னு தெரிஞ்சதும் வாசல்ல வந்து நின்னாரு. உனக்கு என்னப் பத்தித் தெரியும் இல்ல? அன்னிக்கு பக்கத்துலயே நின்னுகினு இருந்தியே, வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

பூ நீட்டின கை அப்படியே நின்றது. அவள் வாளியிலிருந்து அடுத்த புடவையை எடுத்து, உதறி, எனக்கும் அவளுக்கும் நடுவில் காயப்போட்டாள்.